சராசரிக்கு இருபுறமும் ஓர் எல்லை உண்டு

புதுதில்லி: கிராமப்புறத்தில் ஒருவரின் மாதச் செலவு சராசரியாக ரூ. 4,122, நகர்ப்புறத்தில் ரூ. 6,996. இலவசமாகக் கிடைத்த பொருள்களின் மதிப்பைச் சேர்க்காமல், 2023-24-ம் ஆண்டு குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு தந்த கணக்கு இது. வறுமை குறைந்தது என்று ஆளுங்கட்சியினரும், வருவாய் போதவில்லை என்று எதிர்க்கட்சியினரும் அவையில் எடுத்துக்காட்டுவது இத்தகைய எண்களையே. இவை எண்ணி அறிந்தவை அல்ல, மதிப்பிடப்பட்டவை என்பது மட்டும் அங்கு அரிதாகவே ஒலிக்கிறது.

140 கோடி மக்கள் வாழும் நாட்டில் இந்த ஆய்வு சந்தித்த குடும்பங்கள் 2,61,953. அவற்றுக்குப் பதிலாக வேறு குடும்பங்கள் தேர்வாகியிருந்தால் சராசரியும் சற்று மாறியிருக்கும். எவ்வளவு மாறியிருக்கும் என்பதைக் கணிக்க 1930-களில் ஜெர்சி நெய்மன் வகுத்த முறையே 'நம்பிக்கை இடைவெளி'. அதே பத்தாண்டில் மகலனோபிஸ் வங்கத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி ஆய்வால் மதிப்பிட்டார். தேசிய மாதிரி ஆய்வு 1950-ல் தொடங்கியதும் அவரது முயற்சியால்தான்.

கணக்கு எளிது. ஒரு சிறு மாநிலத்தில் 400 பேரிடம் விசாரித்ததில் சராசரிச் செலவு ரூ. 4,000, திட்ட விலக்கம் ரூ. 2,500 என்று வைத்துக்கொள்வோம். 400-ன் வர்க்கமூலம் 20. அதனால் 2,500-ஐ வகுத்தால் 125. இது திட்டப் பிழை. அதை 1.96-ஆல் பெருக்கினால் 245. எனவே இடைவெளி ரூ. 3,755 முதல் ரூ. 4,245 வரை. அடுத்த ஆண்டு அதே அளவு மாதிரியில் சராசரி ரூ. 4,150 என வந்தால், 'மாநிலம் முன்னேறியது' என்று மேசையைத் தட்டுவதற்கு அதில் ஆதாரம் இல்லை. 10,000 பேரிடம் விசாரித்திருந்தால் பிழை ரூ. 49-க்குச் சுருங்கும், அப்போது அதே 150 ரூபாய்க்குப் பொருள் உண்டு. ஆனால் பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். செலவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் ஏறும்.

'95 சதவீத நம்பிக்கை' என்பதையும் பலர் தவறாகப் படிக்கின்றனர். இதே முறையில் நூறு முறை மாதிரி எடுத்தால் ஏறக்குறைய 95 இடைவெளிகள் உண்மைச் சராசரியை உள்ளடக்கும் என்பதே பொருள். கையிலுள்ள இடைவெளி அந்த 95-ல் ஒன்றா என்பது யாருக்கும் தெரியாது. நடைமுறையில் வேறொரு சிக்கலும் உண்டு. ஆய்வாளர்கள் முதலில் கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, பின்னர் அவற்றிலிருந்து வீடுகளை எடுக்கின்றனர். ஓரூர் வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், மேலே போட்ட பாடநூல் கணக்கைவிட உண்மை இடைவெளி அகலமாகவே இருக்கும்.

நாடு முழுமைக்குமான எண்ணில் இது பெரிய குறை அல்ல. கிராமப்புறச் சராசரி 2022-23-ல் இருந்த ரூ. 3,773-லிருந்து உயர்ந்ததை, ஒன்றரை லட்சம் கிராமப்புறக் குடும்பங்களைக் கொண்ட மாதிரியில், தற்செயல் என்று தள்ள முடியாது. (விலைவாசி உயர்வைக் கழித்தபின் எவ்வளவு மிஞ்சும் என்பது தனிக் கேள்வி.) சிறு மாநிலங்களை வரிசைப்படுத்திப் பேசும்போதுதான் கவனம் தேவை. அவை உறுப்பினர்களுக்குத் தரப்படும் பதில்களில் சராசரியின் பக்கத்திலேயே பிழை வரம்பையும் அச்சிட்டால் பாதி விவாதம் அடங்கிவிடும்.

மீதிப் பாதி அடங்காது. 2017-18-ம் ஆண்டு ஆய்வு முடிவுகளைத் தரவின் தரத்தைக் காரணம் காட்டி 2019 நவம்பரில் மத்திய அரசு வெளியிட மறுத்தது. அந்தச் சர்ச்சையை எந்த இடைவெளியும் தீர்த்திருக்காது. அது அளப்பது மாதிரி எடுப்பதில் நேரும் தற்செயல் பிழையை மட்டுமே. கதவைத் திறக்காத செல்வந்தர் வீடும், செலவைக் குறைத்துச் சொல்லும் குடும்பமும் அந்தக் கணக்கில் வருவதில்லை. 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011-ம் ஆண்டின் பட்டியலிலிருந்தே கிராமங்கள் தேர்வானதும் அதில் வராது.