முடியாத பயணம்: தேயிலைத் தோட்டத்திலிருந்து கும்மிடிப்பூண்டி முகாம் வரை

புழலிலும் திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்துள்ள கும்மிடிப்பூண்டியின் முகாம்வாசிகளில் பலர் பெயிண்டிங், கட்டட வேலை, தினக்கூலி ஆகியவற்றை நம்பி வாழ்கின்றனர். அவர்கள் அனைவரையும் ‘இலங்கை அகதிகள்’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். அந்தப் பெயர் ஒரு வரலாற்றை மறைத்துவிடுகிறது. தமிழக முகாம்களில் வாழ்வோரில் ஏறத்தாழ 30,000 பேர் இந்திய வம்சாவளியினர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களின் பாட்டனும் பூட்டனும் தமிழகத்து ஊர்களிலிருந்து கூலிகளாகக் கப்பலேறியவர்கள். அவ்வகையில் இவர்கள் திரும்பி வந்தவர்கள். ஆனால் இந்தியச் சட்டம் இவர்களைச் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்று வகைப்படுத்துகிறது. இந்த முரண் எவ்வாறு உருவாயிற்று?

சென்ற வழி

1820களிலிருந்து இலங்கையின் மலைப்பகுதிகளில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களை அமைத்தனர். காப்பி நோயால் அழிந்தபின் தேயிலை வந்தது. இரண்டுக்கும் உழைப்பாளிகள் தமிழ் மாவட்டங்களிலிருந்தே திரட்டப்பட்டனர். சென்றவர்களில் பெரும்பான்மையோர் பறையர், பள்ளர், அருந்ததியர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்கள். நிலமின்மை, பண்ணையடிமை முறை, பஞ்சம் ஆகிய மூன்றும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக அவர்கள் தலையில் ஏறியது. தொடக்க காலத்தில் கடலைக் கடந்து மன்னாரில் இறங்கியவர்கள், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வழியில் காலராவுக்கும் பசிக்கும் இறந்தோர் ஏராளம். பின்னாளில் இராமேசுவரத்துக்கு அருகே மண்டபத்தில் நோய்த்தடுப்பு முகாம் அமைக்கப்பட்டு, அங்கு தங்கவைக்கப்பட்ட பின்னரே தொழிலாளர்கள் அனுப்பப்பட்டனர்.

திரும்பிய வழி

1948இல் விடுதலை பெற்ற இலங்கை, அவ்வாண்டே இயற்றிய குடியுரிமைச் சட்டத்தின் வழியாக மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 மக்களை இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் மற்றோர் ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. பங்கிடப்பட்ட மக்களின் ஒப்புதலை எந்த அரசும் கேட்கவில்லை.

ஒப்பந்தப்படி வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். முன்னோர் புறப்பட்ட அதே மண்டபம் முகாம் இப்போது அவர்களை வரவேற்றது. ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயருடன் அவர்களில் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். 1984இல் போர்ச் சூழலால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் பயணம் செய்ய இயலாத ஏறத்தாழ 84,000 பேர் இலங்கையிலேயே தங்கிவிட நேர்ந்தது.

வன்முறைகளால் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலைப் பகுதிகளுக்குப் பெயர்ந்திருந்த குடும்பங்களும் உண்டு. 1983க்குப் பின்னரும் 1990க்குப் பின்னரும் போர் துரத்தியபோது, இவர்களில் பலர் படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தனர். கப்பலில் ஆவணத்துடன் வந்தவர் குடிமகன். அதே கடலைப் படகில் ஆவணமின்றிக் கடந்த அவருடைய உடன்பிறந்தார் அகதி.

சட்டம் அடைக்கும் கதவுகள்

அரசமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பெற்றோர் மட்டுமன்றிப் பாட்டன், பாட்டி இந்தியாவில் பிறந்திருந்தாலும் வெளிநாட்டில் வாழ்வோர் இந்தியக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வழி செய்தது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திலும் 5ஆம் பிரிவின்கீழ் இந்திய வம்சாவளியினர் பதிவு செய்யலாம். ஆனால் அங்கு வம்சாவளி என்பது பெற்றோருடன் நின்றுவிடுகிறது; ‘சட்டவிரோதக் குடியேறி’ விண்ணப்பிக்கவே முடியாது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். அதன்பின் முகாமில் பிறந்த குழந்தைக்குத் தாய் தந்தையரின் நிலையே தலைவிதியாகிறது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டுமே கருத்தில் கொண்டது; இலங்கைக்கு அதில் இடமில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழருக்கு 2025 செப்டம்பரில் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கிடைத்தது. இதனால் சிறை அச்சம் நீங்கியது, குடியுரிமை வரவில்லை.

சாதி இருக்கும் இடம்

இதைக் குடியேற்றச் சட்டத்தின் சிக்கலாக மட்டும் பார்ப்பது போதாது. ‘உன் முன்னோர் இந்நாட்டவர் என்பதற்கு ஆவணம் எங்கே?’ என்று அரசு கேட்கிறது. பட்டா வைத்திருந்தவரின் பேரன் பட்டாவைக் காட்டலாம். காணி நிலமும் இன்றிச் சேரியிலிருந்து புறப்பட்டவரின் பேரன் எதைக் காட்டுவார்? எந்த நிலமின்மை முன்னோரைக் கடல் கடக்க வைத்ததோ, அதே நிலமின்மை இன்று பேரர்களின் சான்றை இல்லாமலாக்குகிறது. அரசு வேலையில் சமவாய்ப்பை உறுதிசெய்யும் 16ஆம் பிரிவும் குடிமக்களுக்கே உரியது. ஆகவே முகாமில் பட்டம் பெறும் தலித் இளைஞருக்கு இடஒதுக்கீட்டின் கதவும் மூடியே இருக்கிறது. சாதி அவரைப் பின்தொடர்ந்து வந்தது. சாதிக்கு எதிரான பாதுகாப்பு வரவில்லை.

செய்யவேண்டியவை

2019 ஜூன் 17 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த அணுகுமுறை எல்லா முகாம்களுக்கும் விரிய வேண்டும். தமிழக அரசு 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. புதிய வீடுகளையும் அறிவித்தது. அடுத்த கட்டமாக, வம்சாவளியினரை முகாம்வாரியாகக் கணக்கெடுத்து, தோட்டப் பதிவேடுகள், பழைய கடவுச்சீட்டுகள், ஒப்பந்தக்கால விண்ணப்பங்கள், உறவினரின் சாட்சியம் ஆகியவற்றைச் சான்றாக ஏற்க மத்திய அரசை வலியுறுத்த வேண்டும். இவர்களைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையிலிருந்து நீக்கச் சட்டத்திருத்தமும் தேவை.

மாணவர் அமைப்புகளுக்கும் இதில் பணியுண்டு. முகாம்களின் முதியோர் தம் பாட்டனின் ஊர்ப்பெயரையும் குலதெய்வக் கோயிலையும் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர். அந்த நினைவுகளைப் பதிவு செய்து, ஊர்களில் எஞ்சியுள்ள உறவினரைக் கண்டறிந்து, உறுதிமொழிப் பத்திரங்களாக மாற்ற உதவலாம். அந்த முதியோர் மறைந்துவிட்டால் இருக்கும் ஒரே சான்றும் அவர்களோடு மறைந்துவிடும்.