தட்டித் திறந்த கதவு
(கோல்ஃப் வீரர் சார்லி சிஃபோர்டின் வரலாறு)

கோல்ஃப் என்னும் ஆட்டத்தை நம்மவரில் பலர் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்போம். பச்சைப் பட்டு விரித்தாற் போன்ற புல்வெளி. அதில் வெண்ணிற உடையணிந்த சிலர் நிதானமாக நடந்து செல்வர். அவர்களுக்குப் பின்னால் கனத்த பையைத் தோளில் சுமந்தபடி ஒரு பையன் போவான். நம் நாட்டிற்கு இவ்வாட்டம் வந்தது நேற்றன்று. கல்கத்தாவில் 1829ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு கழகம் தோன்றிவிட்டது. ஆயினும் செல்வர்களின் ஆட்டம் என்னும் பெயர் இதனைவிட்டு இன்னும் நீங்கவில்லை.

ஆட்டத்தின் விதியோ மிக எளியது. சிறு பந்து ஒன்றைக் கோலால் அடித்து அடித்துச் சென்று, நாலேகால் அங்குல அகலமுள்ள குழியில் விழச் செய்ய வேண்டும். ஒரு சுற்றுக்கு இத்தகைய குழிகள் 18. எல்லாவற்றையும் குறைந்த அடிகளில் முடித்தவர் வென்றவராவார். பெரும் பந்தயங்களில் நாளுக்கு ஒரு சுற்றாக நான்கு நாள் ஆடுவர். அடிக்கும் கை வெள்ளையா, கறுப்பா என்பதைப் பந்து அறியாது, குழியும் அறியாது.

ஆனால் அமெரிக்காவில் இவ்வாட்டத்தைத் தொழிலாகக் கொண்டோரின் சங்கம் அதனை முதலிலேயே கேட்டது. வெள்ளை இனத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது 1961ஆம் ஆண்டு வரையில் அச்சங்கத்தின் சட்டதிட்டங்களில் எழுதப்பட்டே இருந்தது. அவ்விதியின் முன்னே தம் இளமை முழுவதையும் செலவிட்டு, அது நீங்கிய பின்னரும் ஆடி வென்றவர் சார்லி சிஃபோர்டு. அவருடைய வரலாற்றையே இங்கு நாம் சொல்லப் புகுகின்றோம்.

பை சுமந்த சிறுவன்

சிஃபோர்டு 1922ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ஆம் நாள் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் பிறந்தார். எளிய தொழிலாளர் குடும்பம். பள்ளிப் பருவத்திலேயே உள்ளூர்க் கோல்ஃப் கழகத்திற்குப் பை சுமக்கச் சென்றார். இவ்வேலை செய்வோரை ஆங்கிலத்தில் 'கேடி' என்பர். நம் ஊர் வழக்கில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. அதனை வாசகர்கள் சற்றே மறந்துவிட வேண்டும்!

நாளொன்றுக்குக் கிடைத்த கூலி 60 சென்ட். அதில் 50 சென்டைத் தாயாரிடம் கொடுத்துவிடுவார். எஞ்சிய 10 சென்டில் சுருட்டு வாங்கிக்கொள்வார். சிறு வயதில் பற்றிக்கொண்ட அச்சுருட்டுப் பழக்கம் அவரை விட்டு நீங்கவே இல்லை. பிற்காலத்தில் வெளிவந்த படங்களில் எல்லாம் அவர் வாயோரம் ஒரு சுருட்டு இருப்பதைக் காணலாம்.

பை சுமப்பவன் சும்மா நடப்பதில்லை. எந்தத் தூரத்திற்கு எந்தக் கோல், காற்று எப்பக்கம், புல் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் கண்ணால் கற்றுக்கொள்கிறான். கழகத்தார் ஆடாத நாட்களில் இச்சிறுவர்கள் ஆடிக்கொள்ள இடம் கொடுக்கப்பட்டது. பதின்மூன்று வயதிலேயே சிஃபோர்டு தேர்ந்தவர்களுக்கு நிகராக ஆடினார். பையைச் சுமக்கும்வரை அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திறமை வெளிப்பட்டதும் உறுப்பினர் சிலருக்கு அது உறுத்தலாயிற்று. பதினேழாம் வயதில் ஊரைவிட்டு வடக்கே பிலடெல்பியா நகருக்குச் சென்றார்.

பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு வருவது இன்னதென்று நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்நகரில் காப்ஸ் கிரீக் என்னும் பொது மைதானம் ஒன்று இருந்தது. கட்டணம் செலுத்தும் எவரும் அங்கு ஆடலாம், நிறம் கேட்பதில்லை. சிறந்த கறுப்பின ஆட்டக்காரர்கள் பலர் அங்கே கூடினர். சிஃபோர்டின் கை அங்கேதான் பழுத்தது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது இராணுவத்திற்கு அழைக்கப்பட்டு, ஜப்பானைச் சேர்ந்த ஒகினாவாத் தீவு வரையில் சென்று பணியாற்றித் திரும்பினார். நாட்டிற்காக உயிரைக் கொடுக்க அவர் தகுதியுடையவர். நாட்டின் கோல்ஃப் பந்தயத்தில் ஆட மட்டும் தகுதியற்றவர்! திரும்பி வந்தபின் பில்லி எக்ஸ்டைன் என்ற புகழ்பெற்ற பாடகருக்குக் கோல்ஃப் கற்பித்து வாழ்க்கை நடத்தினார்.

இரயில் நிலையப் போர்ட்டர்

இவ்விடத்தில் மற்றொருவரை அறிமுகம் செய்தல் வேண்டும். அவர் பெயர் பில் ஸ்பில்லர். கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர். ஆயினும் கறுப்பர் என்பதனால் தக்க வேலை கிட்டாமல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து யூனியன் இரயில் நிலையத்தில் சிவப்புத் தொப்பி அணிந்து பயணிகளின் பெட்டிகளைச் சுமந்தார். கோல்ஃப் ஆட்டத்தை அவர் கற்றதே முப்பது வயதை நெருங்கும்போதுதான். ஆயினும் விரைவிலேயே முதல் வரிசை வீரராக உயர்ந்துவிட்டார்.

1948ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் பந்தயத்தில் ஸ்பில்லரும், டெட் ரோட்ஸ் என்ற மற்றொரு கறுப்பின வீரரும் முதல் அறுபது பேருக்குள் வந்தனர். அவ்வாறு வந்தவர்கள் அடுத்த பந்தயத்தில் ஆடலாம் என்பது விதி. இருவரும் கலிபோர்னியாவிலேயே உள்ள ரிச்மண்டுக்குச் சென்றனர். அங்கே சங்கத்தின் சட்டத்தைக் காட்டி அவர்களை விலக்கினர். அவர்கள் வழக்குத் தொடுத்தனர். "இனிப் பாகுபாடு காட்டமாட்டோம்" என்று சங்கத்தார் உறுதி கூறவே, வழக்குத் திரும்பப் பெறப்பட்டது.

பின்னர் நடந்தது என்ன? பந்தயங்களின் பெயரோடு 'அழைப்பு' என்னும் சொல் சேர்ந்தது. அழைப்பு வந்தவர் மட்டுமே ஆடலாம். கறுப்பருக்கு அழைப்பு வராது. சொல் மாறிற்று, செயல் மாறவில்லை.

குழிக்குள் இருந்த அவமானம்

கறுப்பின வீரர்கள் தங்களுக்கெனத் தனிப் பந்தயங்கள் நடத்திக்கொண்டனர். அவற்றுள் தலையாயது 'நீக்ரோ நேஷனல் ஓபன்'. அதில் 1952 முதல் 1956 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து சிஃபோர்டே வென்றார். 1960இல் ஆறாம் முறையும் வென்றார். பரிசுத் தொகையோ சொற்பம். ஊருக்கு ஊர் காரில் சென்று, கறுப்பரை ஏற்கும் விடுதி எதுவெனத் தேடித் தங்கி, மறுநாள் ஆட வேண்டும்.

1952ஆம் ஆண்டில், குத்துச்சண்டை மாவீரர் ஜோ லூயிஸின் முயற்சியால், பீனிக்ஸ் நகரப் பந்தயத்தில் கறுப்பினத்தவர் சிலருக்கு இடம் கிடைத்தது. சிஃபோர்டும் அவர்களுள் ஒருவர். முதற்குழியை அடைந்து கொடியை எடுத்தபோது, குழிக்குள் மனித மலம் இடப்பட்டிருந்தது. அதனை அகற்றித் தூய்மை செய்யும்வரை காத்திருந்து ஆட்டத்தைத் தொடர்ந்தனர். இதனை எழுதுவதற்கே நம் கை கூசுகின்றது. எனினும் அவர் பட்டது இன்னதென்று அறியாமல் அவர் வென்றது இன்னதென்று அறிய இயலாது.

வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பேஸ்பால் போட்டிகளில் 1947இல் நுழைந்த முதற் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் ஆவார். சிஃபோர்டு தம் எண்ணத்தை அவரிடம் தெரிவித்தபோது, நடுவழியில் விட்டுவிடும் இயல்புடையவரா என்றே ராபின்சன் கேட்டாராம். இல்லை என்று சிஃபோர்டு விடையளித்தார். அச்சொல்லைக் காப்பாற்றுவதே அவர் வாழ்க்கையாயிற்று.

1957இல் லாங் பீச் நகரில் மூன்று சுற்றுப் பந்தயம் ஒன்றில் வெள்ளையர் பலரையும் முந்தி வென்றார். அப்போதும் சங்கத்தின் கதவு திறக்கவில்லை.

ஒரு கடிதத்தின் ஆற்றல்

கதவைத் திறந்தது ஆட்டமன்று, சட்டம். ஸ்பில்லர் அக்காலத்தில் ஒரு கழகத்தில் பை சுமந்து கொண்டிருந்தார். தமக்கு நேர்ந்தவற்றைக் கழக உறுப்பினர் ஒருவரிடம் கூறினார். மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு எழுதும்படி அவர் யோசனை சொன்னார். அப்பதவியில் அப்போது இருந்தவர் ஸ்டான்லி மாஸ்க். சிஃபோர்டு கலிபோர்னியாவில் குடியிருந்தவர். அம்மாநிலத்துக் குடிமகனுக்கு நிறத்தின் காரணமாகத் தொழில் மறுக்கப்படுவதை மாஸ்க் கேள்விக்கு உட்படுத்தினார். இவ்விதி உள்ளவரை கலிபோர்னியாவின் பொது மைதானங்களில் சங்கம் பந்தயம் நடத்த முடியாது என்று எச்சரித்தார். மற்ற மாநிலங்களின் வழக்கறிஞர்களுக்கும் எழுதினார்.

லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கவிருந்த 1962ஆம் ஆண்டுச் சங்கப் பெரும்பந்தயம் பென்சில்வேனியா மாநிலத்திற்கு மாற்றப்பட்டது. இடத்தை மாற்றலாம், ஆனால் எத்தனை மாநிலத்தை விட்டு ஓடுவது? 1961 நவம்பரில் அவ்விதி நீக்கப்பட்டது. சிஃபோர்டுக்கு அப்போது வயது 39.

அதே ஆண்டு ஏப்ரல் மாதம், விதி நீங்கும் முன்னரே, தனி அனுமதி பெற்றுக் கிரீன்ஸ்பரோ பந்தயத்தில் ஆடச் சென்றிருந்தார். அது தென்பகுதி, அவர் பிறந்த மாநிலம். முதல் நாள் 68 அடிகளில் சுற்றை முடித்து முன்னணியில் நின்றார். அன்றிரவு தொலைபேசியில் மிரட்டல் வந்தது. மறுநாள் மைதானத்திற்கு வரக்கூடாது என்றது ஒரு குரல். குறித்த நேரத்தில் வந்து நிற்பேன் என்று விடை கூறிவிட்டு உறங்கச் சென்றார். மறுநாள் ஒரு கூட்டம் குழிக்குக் குழி பின்தொடர்ந்து வசைமொழி பொழிந்தது. அவ்வளவையும் காதில் வாங்கிக்கொண்டு, நான்கு நாளும் ஆடி நான்காம் இடம் பெற்றார்.

வெற்றிகள்

முழு உறுப்பினர் தகுதி அவருக்கு 1964இல் கிடைத்தது. அதே ஆண்டில் பீட் பிரவுன் என்பவர் சங்கப் பந்தயத்தில் வென்ற முதற் கறுப்பினத்தவர் என்னும் பெருமை பெற்றார். சிஃபோர்டின் நாள் 1967இல் வந்தது. ஹார்ட்ஃபோர்டு பந்தயத்தின் கடைசிச் சுற்றை 64 அடிகளில் முடித்து, ஒரே அடி வேறுபாட்டில் வென்றார். பரிசு 20,000 டாலர், வயது 45. மற்ற வீரர்கள் ஓய்வைப் பற்றிச் சிந்திக்கும் வயது அது.

1969 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பந்தயத்தையும் வென்றார். ஸ்பில்லர் 1948இல் ஆடித் தகுதி பெற்று, பின் விலக்கப்பட்டாரே, அதே பந்தயம்! ஆடிய இடம் நகராட்சிக்குச் சொந்தமான பொது மைதானம். இறுதியில் அவருக்குச் சமமாக நின்றவர் ஹெரால்டு ஹென்னிங். நிறவெறி அரசு கோலோச்சிய தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வெள்ளையர். கூடுதல் ஆட்டத்தின் முதற்குழியிலேயே சிஃபோர்டு வெற்றியைக் கைப்பற்றினார்.

ஆயினும் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் நடைபெறும் 'மாஸ்டர்ஸ்' என்னும் பெரும்பந்தயத்திற்கு அவருக்கு ஒருபோதும் அழைப்பு வரவில்லை. பந்தயம் வென்றவர்களுக்குத் தானாகவே அழைப்பு உண்டு என்னும் ஏற்பாடு 1972இல்தான் வந்தது. அதற்குள் அவருடைய வெற்றிகள் பழையனவாகிவிட்டன. லீ எல்டர் என்ற கறுப்பின வீரர் 1975இல் அங்கு முதன்முதலாக ஆடினார். அதே ஆண்டில் சிஃபோர்டு முதியோருக்கான சங்கப் பெரும்பந்தயத்தை வென்றார்.

காலங்கடந்த சிறப்புகள்

அதன்பின் சிறப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2004இல் உலகக் கோல்ஃப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்ட முதற் கறுப்பினத்தவரானார். 2006இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 2011இல் சார்லட் நகரின் பொதுக் கோல்ஃப் மைதானம் ஒன்றிற்கு அவர் பெயரே இடப்பட்டது. 2014 நவம்பரில் அதிபர் ஒபாமா அந்நாட்டுக் குடிமக்களுக்குரிய மிக உயர்ந்த பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். 2015 பிப்ரவரி 3ஆம் நாள், தமது 92ஆம் வயதில் சிஃபோர்டு காலமானார். பிற்காலத்து மாவீரர் டைகர் உட்ஸ் தம் மகனுக்குச் சார்லி என்று பெயரிட்டதும் இப்பெரியவரை நினைந்தேயாகும்.

இவ்வளவு சிறப்பும் ஒருபுறம் இருக்க, வேறொரு கணக்கையும் நாம் போட்டுப் பார்த்தல் வேண்டும். அலுவலகத்தில் பணிபுரியும் நமக்குச் 'சீனியாரிட்டி' என்பதன் அருமை தெரியும். ஓராண்டு தவறிப் போனாலே ஓய்வு பெறும் நாள் வரையில் அதன் இழப்பு தொடரும். சிஃபோர்டு இழந்தது ஓராண்டன்று. இருபத்தைந்து வயது முதல் முப்பத்தொன்பது வரை, ஒரு வீரனின் கையும் கண்ணும் உச்சத்தில் நிற்கும் காலம் முழுவதும். பதக்கத்தை அணிவிக்கலாம், அவ்வாண்டுகளை எவராலும் திருப்பித் தர இயலாது. அவரும் அதனை மறந்துவிட்டதாக நடிக்கவில்லை. தம் மனக்கசப்பை ஒளிக்காமல் பேசினார். 1992இல் வெளியிட்ட தன்வரலாற்றிலும் எழுதினார். ஆனால் கசப்பைக் காரணமாக்கிக் கோலைக் கீழே வைக்கவில்லை. கதவு திறக்கும் நாள் எது என்று தெரியாத நிலையிலும், அந்நாளில் ஆடத் தக்கவராகத் தம்மை வைத்திருந்தார். அவருடைய பெருமை அதுவே என்பது நம் கருத்து.

ஸ்பில்லரின் கதை இன்னும் வருந்தத்தக்கது. கதவு திறந்தபோது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. உள்ளே நுழையும் காலம் கடந்துவிட்டது. 1988இல் அவர் மறைந்தார். 2009இல்தான் அதே சங்கம் அவருக்கும் டெட் ரோட்ஸுக்கும் இறந்தபின் உறுப்பினர் தகுதியை வழங்கியது. தாம் நுழைய முடியாத வாயிலைப் பிறருக்காகத் தட்டியவர்களின் பெயர்களையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

சிஃபோர்டை விலக்கியது அரசன்று, பகைவர் படையுமன்று. தொழில் செய்வோர் ஒன்றுகூடி, தங்கள் நன்மைக்காக அமைத்துக்கொண்ட ஒரு சங்கம். வேற்றூரில் வாழும் நாமும் சங்கம் அமைத்திருக்கிறோம். அதற்கும் விதிகள் எழுதி வைத்திருக்கிறோம். யாரைச் சேர்ப்பது என்பதைக் காட்டிலும் யாரைப் புறத்தே நிறுத்துகிறோம் என்பதில்தான் ஒரு சங்கத்தின் தரம் தெரியும். அடுத்த பொதுக்கூட்டத்திற்கு முன் விதிப்புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் படிப்பது நம் எல்லோருக்கும் நலம்.