வீட்டில் தானுந்துக்கு வண்ணம் பூசுதல்

வீட்டில் தானுந்துக்கு வண்ணம் பூசுதல் என்பது, பட்டறைக்குக் கொண்டு செல்லாமல், உரிமையாளரே எளிய கருவிகளைக் கொண்டு தம் காரின் பழைய பூச்சைச் சீர்செய்து புதிய பூச்சு இடுவதைக் குறிக்கும். அழகுக்காக மட்டும் இது செய்யப்படுவதில்லை. தானுந்தின் உடற்பகுதி மெல்லிய எஃகுத் தகட்டால் ஆனது. அத்தகட்டை நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் பிரித்து வைப்பது தலைமுடியின் தடிமனை ஒத்த பூச்சு மட்டுமே. தொழிற்சாலையில் இடப்படும் பூச்சின் மொத்தத் தடிமன் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் ஆகும். பூச்சு உரிந்த இடத்தில் துரு தொடங்குகிறது. ஆகவே 15, 20 ஆண்டுகள் ஓடிய வண்டியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்ட வேண்டிய நிலையில் உள்ள குடும்பத்திற்கு இது வண்டியின் ஆயுளைப் பற்றிய கேள்வியாகும்.

வரலாறு

கையால் வண்ணம் பூசுவது புதிய குறுக்குவழி அன்று. அதுவே பழைய முறை. குதிரை வண்டிகளுக்குப் பூசியதைப் போலவே தொடக்ககாலத் தானுந்துகளுக்கும் எண்ணெய் வார்னிசுகள் தூரிகையால் பல அடுக்குகளாகப் பூசப்பட்டன. ஒவ்வோர் அடுக்கும் உலர வேண்டியிருந்ததால் ஒரு வண்டியை முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. ஃபோர்டு நிறுவனம் 1914 முதல் 1925 வரை தன் மாடல் டி வண்டிகளைக் கறுப்பு நிறத்தில் மட்டும் விற்றது பலரும் அறிந்த செய்தி. டூபாண்ட் நிறுவனத்தின் 'டூக்கோ' என்னும் நைட்ரோசெல்லுலோசுப் பூச்சு 1923இல் ஜெனரல் மோட்டார்சின் ஓக்லாந்து வண்டிகளில் அறிமுகமானது. இது சில நிமிடங்களில் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு உலர்ந்தது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. பல நிறங்களும் கிடைத்தன. இந்தியப் பட்டறைகளில் இன்றும் இவ்வகைப் பூச்சை 'டூக்கோ பெயிண்ட்' என்றே அழைப்பதைக் கேட்கலாம்.

விரைவாக உலரும் பூச்சைத் தூரிகையால் இழுக்க முடியாது, தெளிப்பான் வேண்டும். தெளிப்பானுக்குக் காற்றழுத்தி வேண்டும். இவ்வாறே தானுந்து வண்ணவேலை வீட்டிலிருந்து பட்டறைக்குச் சென்றது எனலாம். ஆயினும் லாரிகளின் மரப் பெட்டிகளுக்கு எனாமலைத் தூரிகையால் பூசும் வழக்கம் நம் நாட்டில் மறையவில்லை. 2000களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும், துரு தடுக்கும் எனாமலைப் பஞ்சு உருளையால் மெல்லிய அடுக்குகளாகப் பூசித் தேய்த்து மெருகேற்றும் முறை 'ஐம்பது டாலர் பூச்சு' என்ற பெயரில் ஆர்வலரிடையே பரவியது. இக்கட்டுரையில் முதன்மையாக விளக்கப்படுவது அம்முறையே.

மதுரையில்

மதுரையின் மோட்டார்த் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் இந்நகரில் வேரூன்றி வளர்ந்தது. அதன் பெயரைத் தாங்கிய டி. வி. எஸ். நகர், பழங்காநத்தத்தை ஒட்டியே உள்ளது. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் வருவதற்கு முன் தென்மாவட்டப் பேருந்துகள் பழங்காநத்தத்திலிருந்தே புறப்பட்டன. 'பட்டி, டிங்கரிங், பெயிண்டிங்' என்ற சொற்கள் இத்தகைய பகுதிகளில் எல்லோருக்கும் பழக்கமானவை. டிங்கரிங் என்பது ஒடுக்கு எடுத்துத் தகட்டை நேராக்குவது. பட்டி பார்ப்பது என்பது மீதமுள்ள பள்ளத்தைப் பசையால் நிரப்பித் தேய்ப்பது. தமிழ்த் திரைப்பட நகைச்சுவையிலும் இடம்பிடித்த சொற்கள் இவை.

இதன் பயன் யாதெனில், வீட்டில் வேலை செய்பவர் எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டியதில்லை. ஒடுக்கு எடுப்பதையும் பற்றவைப்பையும் பட்டறையில் முடித்துக்கொண்டு, அதிக நேரத்தை விழுங்கும் தேய்ப்பு வேலையை வீட்டில் செய்யலாம். பட்டறைக் கட்டணத்தில் பெரும்பங்கு வண்ணத்தின் விலையன்று, தேய்ப்பவரின் நாள்கூலியே.

பூச்சு வகைகள்

பூச்சு எவ்வாறு உலர்கிறது என்பதை அறிந்துகொண்டால் பெரும்பாலான தவறுகளைத் தவிர்க்கலாம்.

நைட்ரோசெல்லுலோசுப் பூச்சில் கரைப்பான் ஆவியாகிறது, அவ்வளவே. வேதிமாற்றம் எதுவும் இல்லை. ஆகவே உலர்ந்த பின்னும் அதே தின்னரை ஊற்றினால் மீண்டும் கரையும். எனாமல் எனப்படும் ஆல்கைடுப் பூச்சில் கரைப்பான் ஆவியான பின், அதிலுள்ள எண்ணெய் காற்றின் ஆக்சிசனுடன் வினைபுரிந்து வலைபோல் பிணைகிறது. மேற்புறம் ஓரிரவில் உலரும். உள்ளே முற்றிலும் கெட்டிப்பட வாரங்கள் ஆகும். மூன்றாவது வகையான பாலியூரித்தேன் பூச்சில், இரண்டு தனித்தனிக் குப்பிகளில் உள்ளவற்றைக் கலந்தவுடன் வினை தொடங்குகிறது. இதுவே மிக உறுதியானது. வீட்டில் தெளிக்கவே கூடாததும் இதுவே. காரணம் கீழே தரப்பட்டுள்ளது.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. நைட்ரோசெல்லுலோசின் மேல் எனாமல் பூசலாம். ஆனால் முற்றிலும் கெட்டிப்படாத எனாமலின் மேல் நைட்ரோசெல்லுலோசு பூசக்கூடாது. அதன் கடுமையான தின்னர் கீழுள்ள எனாமலை ஊறச்செய்து, தோல் சுருங்கியது போல் மேலெழச் செய்துவிடும். வண்டியில் ஏற்கெனவே என்ன பூச்சு உள்ளது என்பதை அறிய, மறைவான ஓரிடத்தில் தின்னரில் நனைத்த பஞ்சை ஓரிரு நிமிடங்கள் வைத்துப் பார்க்கலாம். நிறம் கரைந்து பஞ்சில் ஒட்டினால் நைட்ரோசெல்லுலோசு, சுருங்கினால் எனாமல், ஒன்றும் ஆகாவிடில் தொழிற்சாலையில் சூடேற்றிப் பதப்படுத்திய பூச்சு அல்லது பாலியூரித்தேன் ஆகும்.

துருவும் அடித்தளமும்

வேலையின் முக்கால் பங்கு இங்கேதான் உள்ளது. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பெருகுகிறது. ஆகவே மேலுள்ள பூச்சை உள்ளிருந்தே தள்ளிக் கொப்புளமாக்குகிறது. கொப்புளத்தின் மேல் வண்ணம் பூசினால் சில மாதங்களில் அது மீண்டும் எழும். துருவைப் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை 80ஆம் எண் உப்புத்தாளாலும் கம்பித் தூரிகையாலும் நீக்க வேண்டும். அவ்வாறு வெளிப்பட்ட உலோகம் காற்றின் ஈரத்தில் சில மணிகளிலேயே மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதால், அன்றைய தினமே ரெட் ஆக்சைடு போன்ற பிரைமரைப் பூசிவிட வேண்டும். ஆகவே முழு வண்டியையும் ஒரே நாளில் சுரண்டிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று விடுவது தவறு. ஒரு கதவு, ஒரு மட்கார்டு என்று முடித்துக்கொண்டே வருவது நல்லது.

கதவுகளின் அடிவிளிம்பு, சக்கர வளைவுகள், மின்கலத் தட்டு, தரைவிரிப்புக்குக் கீழுள்ள தளம் ஆகிய இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கதவின் அடியில் நீர் வடிவதற்கான சிறு துளைகள் இருக்கும். அவற்றைப் பட்டியாலோ வண்ணத்தாலோ அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே அரிக்கும்.

திருகுளியால் குத்தினால் உள்ளே இறங்கும் அளவுக்கு அரித்த இடத்தை வண்ணம் காப்பாற்றாது. 1983 இறுதி முதல் 2014 தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800, 2014 வரை வெளிவந்த அம்பாசடர் ஆகிய இரண்டிலும் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே பளுவைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதி அக்கூட்டின் முதுகெலும்பு போன்றது. அதில் ஓட்டை விழுந்தால் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். செய்தித்தாளைத் திணித்துப் பட்டி பூசி வண்ணம் அடித்து விற்கப்படும் வண்டிகள் உண்டு. பழைய கார் வாங்குவோர் சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் சென்று இவ்விடங்களில் வைத்துப் பார்க்கலாம். எஃகில் ஒட்டும் காந்தம், தடித்த பட்டியில் ஒட்டாது.

பட்டி நீரை உறிஞ்சும் தன்மையுடையது. எனவே அதை உலர்நிலையிலேயே தேய்த்து, மேலே பிரைமர் பூசிய பின்னரே நீர்விட்டுத் தேய்க்கத் தொடங்க வேண்டும். ஒட்டியிருக்கும் பழைய நல்ல பூச்சை அடியோடு நீக்க வேண்டியதில்லை. 320, பின் 400ஆம் எண் தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். தேய்க்கும் முன்னரே வண்டியைச் சோப்பு நீரால் கழுவி மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கிவிட வேண்டும். இல்லாவிடில் தாள் அவற்றைக் கீறல்களுக்குள் அழுத்திவிடும். பின்னர் அங்கே வண்ணம் ஒட்டாமல் மீன்கண் போன்ற வட்டங்கள் தோன்றும்.

பூசும் முறை

எனாமலை டர்பன்டைன் கொண்டு ஏறக்குறையப் பாலின் பதத்திற்கு நீர்க்கச் செய்து, துணியால் வடிகட்டி, 4 அங்குலப் பஞ்சு உருளையால் பூச வேண்டும். சுவருக்குப் பயன்படும் நீண்ட மயிர் உருளை ஆகாது. முதல் அடுக்கைப் பார்த்து மனம் தளரக்கூடாது. அடியில் உள்ளது முழுவதும் தெரியும், திட்டுத்திட்டாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே அடுக்கில் மறைக்க முயன்றால் வண்ணம் வடியும், மேல்தோல் மூடி உள்ளே ஈரம் தங்கிச் சுருங்கும். நாளுக்கு ஒன்றாக 5 அல்லது 6 மெல்லிய அடுக்குகள் தேவைப்படும். இரண்டு அடுக்குகளுக்கு ஒரு முறை 600ஆம் எண் தாளால் நீர்விட்டு இலேசாகத் தேய்த்து மேடுகளை நீக்க வேண்டும். இறுதி அடுக்கிற்குப் பின் குறைந்தது ஒரு வாரம் விட்டு 1000, 1500, 2000 எண் தாள்களால் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டும் பனியன் வேஸ்ட்டும் கொண்டு மெருகேற்றலாம். விளிம்புகளில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். அங்கேதான் பூச்சு முதலில் வெளுத்துப் போகும்.

மெட்டாலிக் நிறங்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றிலுள்ள அலுமினியத் துகள்கள் உருளையின் போக்கில் தாறுமாறாகப் படிந்து பட்டைகளாகத் தெரியும். கறுப்பு எல்லாக் குறைகளையும் காட்டிக்கொடுக்கும். வெள்ளையும் வெளிர்மஞ்சளும் குறைகளை மறைக்கும். மதுரை வெயிலில் வண்டியின் உட்புறச் சூட்டையும் சற்றுக் குறைக்கும்.

காலநிலையைப் பொறுத்தவரை, சித்திரை, வைகாசி நண்பகலில் தகடு கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். வண்ணம் பரவும் முன்னரே இறுகி, ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற பரப்பைத் தரும். விடியற்காலையே ஏற்ற நேரம். ஆடிக்காற்றில் திறந்தவெளியில் பூசுவது வீண்வேலை. ஐப்பசி மழைக்காலத்தில் எனாமல் மெதுவாகவேனும் உலரும்; ஆனால் நைட்ரோசெல்லுலோசு வெளிறிப் பூத்துவிடும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பனிபோல் படிவதே இதற்குக் காரணம். பூசுவதற்கு அரைமணி முன் வாசல் தெளிப்பதுபோல் தரையை நனைத்துவிட்டால் தூசி அடங்கும். பந்தல்காரரிடம் ஒரு தார்ப்பாய் வாங்கி மேலே கட்டிக்கொள்வது இலைச் சருகுகளையும் காக்கையையும் தடுக்கும்.

அளவும் செலவும்

மாருதி 800 அளவுள்ள வண்டியின் வெளிப்பரப்பு, கண்ணாடிகள் நீங்கலாக, ஏறத்தாழ 10 சதுர மீட்டர் எனக் கணக்கிடலாம். ஒரு லிட்டர் எனாமல் வழுவழுப்பான பரப்பில் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய 12 சதுர மீட்டர் வரும். நீர்த்த மெல்லிய அடுக்கிற்கு அதில் பாதி வண்ணமே செல்வதால், 6 அடுக்குகளுக்கு 2.5 லிட்டர், சேதாரத்துடன் 3 லிட்டர் போதுமானது. பழைய வகைத் தெளிப்பானில் வண்ணத்தில் பாதிக்கும் மேல் காற்றில் போய்விடுகிறது. உருளையில் அந்த இழப்பு இல்லை. உப்புத்தாள்களில் மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாது. மழுங்கிய தாள் வெட்டாது. கையை வலிக்கச் செய்யும், அவ்வளவே.

குறைபாடும் உண்டு. எனாமல் பூச்சு தொழிற்சாலைப் பூச்சின் பளபளப்பையோ ஆயுளையோ எட்டாது. வெயிலில் நிற்கும் வண்டியில் சில ஆண்டுகளில் சுண்ணாம்பு போல் மங்கும். மீண்டும் தேய்த்து ஓர் அடுக்குப் பூசிக்கொள்ள வேண்டியதுதான்.

உடல்நலமும் தீப்பாதுகாப்பும்

பாலியூரித்தேன் பூச்சின் இறுக்கியில் ஐசோசயனேட்டு என்னும் வேதிப்பொருள் உள்ளது. இதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா ஏற்படலாம். ஒரு முறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலைத் தூண்டும். அவர் அத்தொழிலையே விட வேண்டிவரும். துணி முகமூடியும் தூசி முகமூடியும் ஆவியைத் தடுக்கா. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழித் தரும் முகமூடியே இதற்குரிய பாதுகாப்பு. நம் ஊர்ப் பட்டறைகளில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நாள் முழுதும் தெளிக்கும் தொழிலாளரைக் காணலாம். அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதும் இதுவே.

உருளை முறையில் நுண்துளி மிகக் குறைவு எனினும் ஆவி உண்டு. மூடிய அறையில் செய்யக்கூடாது. பழைய மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈய நிறமிகள் இருக்க வாய்ப்புள்ளது. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். ஆகக் கட்டுப்படுத்தும் 2016ஆம் ஆண்டு விதிகள் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய பூச்சுகளை உலர்நிலையில் தேய்த்துத் தூசி கிளப்புவது, குறிப்பாகத் தவழும் குழந்தைகள் உள்ள வீட்டில், ஆபத்தானது. நீர்விட்டுத் தேய்த்து, கழிவைத் துணியில் துடைத்து அகற்ற வேண்டும். தின்னரைச் சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது. மதுரை நகரின் ஊடே செல்லும் கிருதுமால் நதி ஏற்கெனவே சாக்கடையாகத்தான் ஓடுகிறது.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தொலைவில் உள்ள அடுப்பையோ விளக்கையோ எட்டித் தீப்பற்றும். எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அதிலுள்ள எண்ணெய் ஆக்சிசனுடன் வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படும். குவியலுக்குள் அது வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

சட்டம்

வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படும் விவரங்களுள் ஒன்று. பழைய நிறத்தையே பூசினால் எந்த நடைமுறையும் இல்லை. நிறத்தை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றிதழில் பதிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் சாலைச் சோதனையிலும், வண்டியை விற்கும்போதும், காப்பீட்டுத் தொகை கோரும்போதும் சிக்கல் எழலாம். படைத்துறை வண்டிகளுக்கு உரிய ஆலிவ் பச்சை நிறத்தை மற்றவர்கள் பூச மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுமதிப்பதில்லை. பழைய ஜீப்புகளை வாங்கிப் புதுப்பிப்போர் பெரும்பாலும் மறந்துவிடும் விதி இது.