குழாயில் சிக்கிய காற்று: வீட்டிலேயே ஓர் அழுத்தப் பாடம்

2024 ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் பணிக்காகப் பினாங்கில் தண்ணீர்த் தடை இருந்தது நினைவிருக்கும். இப்படித் தடை முடிந்ததும் சில வீடுகளில் சமையலறையில் தண்ணி வரும். குளியலறை ஹீட்டரில் மட்டும் வராது. ஏன்?

சமையலறைக்குப் பெரும்பாலும் பிரதான குழாயிலிருந்து நேரடியாக வருகிறது, குளியலறைக்கு மேல்தொட்டியிலிருந்து.

அழுத்தம் = உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம்

தொட்டி 2 மீட்டர் உயரத்தில் இருந்தால்: 2 × 1000 × 9.81 = 19,620 பாஸ்கல். தொட்டி காலியானபோது குழாய்க்குள் புகுந்து, மேடான வளைவில் தங்கிய காற்றைத் தள்ள இது பல சமயம் போதாது.

நீக்கும் முறை:
1. ஹீட்டர் சுவிட்சை அடைக்கவும். தண்ணியில்லாமல் சூடேறினால் உள்ளே கருகிவிடும்.
2. சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் சுத்தமான ரப்பர் குழாயால் இணைக்கவும்.
3. முதலில் குளியலறைக் குழாயை, பிறகு சமையலறைக் குழாயை ஒரு நிமிடம் திறக்கவும். காற்று தொட்டி வழியே வெளியேறும். மூடும்போது சமையலறைக் குழாயை முதலில் மூடவும்.
4. தண்ணி சீராக ஓடிய பிறகே ஹீட்டரைப் போடவும்.

குளிர்நாட்டு வீடுகளில் ரேடியேட்டரின் மேல்பகுதியிலுள்ள சிறு திருகைத் தளர்த்திக் காற்றை விடுவதும் இதே தத்துவம்தான்: காற்று நீரைவிட அடர்த்தி குறைந்தது, மேலேதான் சேரும்.

மாணவர்களே, தொட்டியை இன்னும் 1 மீட்டர் உயர்த்தினால் அழுத்தம் எவ்வளவு கூடும்? கணக்கிட்டுப் பாருங்கள்.