விமானப் பாதுகாப்பு விதிகள்: சுமையை அளப்பது எப்படி?

திருப்பூணித்துறையில் வாழும் நம் குடும்பங்களுக்கு நெடும்பாசேரி விமான நிலையம் புதிய இடமல்ல. பிள்ளைகள் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருந்தால், வழியனுப்பவோ அழைத்து வரவோ வருஷத்தில் ஒரு தடவையாவது போகிறோம். விமானக் கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. பாதுகாப்பு விதிகள் கூடிப்போய்விட்டன, அதனால் செலவும் டிக்கெட் விலையும் ஏறுகின்றன என்பார்கள். இது நியாயம்தானா என்று சொல்ல, முதலில் அந்தச் சுமையை அளக்கத் தெரிய வேண்டும்.

நெதர்லாந்தில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவிய ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு விதிக்காகச் செலவாகும் நேரம், அதற்கான கூலி, எத்தனை பேர், வருஷத்தில் எத்தனை தடவை ஆகியவற்றைப் பெருக்க வேண்டும். உதாரணமாக, ஒரு படிவம் நிரப்ப 2 மணி நேரம், மணிக்கு 300 ரூபாய், 50 கம்பெனிகள், மாதம் ஒரு தடவை என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3,60,000 ரூபாய்! அந்தப் படிவத்தை யாருமே படிப்பதில்லை என்றால் அத்தனையும் வீண்தானே?

இப்படிப்பட்ட சுமையைக் குறைக்க முடியும். கல்யாண வீடுகளில் மேலே பறந்து படமெடுக்கும் டிரோன்களையே பாருங்கள். 2021 மார்ச்சில் வந்த விதிகளை மாற்றி, அதே வருஷம் ஆகஸ்ட் 25-இல் மத்திய அரசு புதிய விதிகளை வெளியிட்டது. படிவங்கள் 25-லிருந்து 5 ஆயின. கட்டண வகைகள் 72-லிருந்து 4 ஆயின. விமானிகளுக்கும் ஓர் அலைச்சல் தீர்ந்தது. ரேடியோவில் பேசுவதற்கான சான்றிதழுக்காக அவர்கள் தொலைத்தொடர்புத் துறையை நாட வேண்டியிருந்தது. 1934-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், அந்தப் பொறுப்பை விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடமே கொடுத்தது.

ஆனால் எல்லா விதியும் படிவமல்ல. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவில் ஒருவர் செய்யும் தரையிறக்கங்களை 6-லிருந்து 2-ஆகக் குறைத்து, 2024 ஜனவரியில் இயக்குநரகம் விதி வகுத்தது. 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக அது நடைமுறைக்கு வந்தது. டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. உடனே ஓய்வு விதியில் ஒரு பகுதி திரும்பப் பெறப்பட்டது. இரவுப் பணி விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கிடைத்தது. தயாராவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இருந்தும் போதிய விமானிகளை ஏற்பாடு செய்யாதது விதியின் குற்றமா?

ஆள் பற்றாக்குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் கேரளத்திலேயே சாட்சி இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 7 இரவு, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் ஓடுபாதை கடந்து பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் மாண்டனர். தரையிறங்கும் முறை பின்பற்றப்படாததே காரணம் என்று விசாரணை அறிக்கை கூறியது. கூடவே இன்னொன்றும் சொன்னது: கோழிக்கோட்டில் 26 துணை விமானிகளுக்கு ஒரே ஒரு கேப்டன்தான் நியமிக்கப்பட்டிருந்தார். மறுநாள் காலை விமானத்தையும் ஓட்ட வேண்டும் என்ற எண்ணம், அன்றிரவு எப்படியாவது இறங்கிவிட அந்த கேப்டனைத் தூண்டியதாம்.

ஆகவே, ஒரு விதியைச் சுமை என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எடுத்துவிட்டால் சுமை இல்லாமல் போகுமா, அல்லது வேறொருவர் தலைக்கு மாறுமா? வீண் படிவத்தைக் கிழித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. விமானியின் ஓய்வைக் குறைத்தாலோ, கம்பெனிக்கு மிச்சமாகும் பணத்துக்கு ஈடாகப் பயணிதான் ஆபத்தை ஏற்கிறார். முன்னதை ரூபாயில் கணக்குப் போடலாம். பின்னதைப் போட ஆரம்பித்தால், நம் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருவார்கள்.