நைல் நதியில் ஒரு மாலை வேளை

அஸர் தொழுகைக்கும் இராச்சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நீங்கள் வழமையாக எங்கே இருப்பீர்கள்? கேட்கத்தான் வேண்டுமா? குசினியில்தான்! பிள்ளைகளுக்குத் தேநீர், மஃரிபுக்கு முன்னர் வீடு கூட்டல், அதன் பின்னர் இடியப்பமோ ரொட்டியோ. நாளின் மிக அழகான மணித்தியாலத்தை நம்மில் பலர் அடுப்படியிலிருந்துதான் பார்த்திருக்கிறோம்.

அதனாலோ என்னவோ, வெளிநாட்டுப் பயணத்தில் அந்த நேரம் சும்மா கிடைக்கும்போது நமக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. எகிப்தில் நைல் நதிக் கப்பலில் ஏறிய நான், முதலிரண்டு மாலைகளையும் அறைக்குள்ளே உடுப்பு மடித்தே கழித்தேன். என்னோடு வந்த மாமியோ ஒருபடி மேலே போய், குளியலறையில் காலுறைகளைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்! எவ்வளவு பணம் கட்டி வந்த பயணம்! உம்றாவை முடித்துக்கொண்டு எகிப்தையும் பார்த்து வரும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், நாங்கள் விட்ட பிழையை நீங்கள் விட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே சுமார் 200 கிலோமீற்றர் தூரம். கப்பல்கள் இதை மூன்று நான்கு இரவுகள் எடுத்து மெதுவாகக் கடக்கின்றன. பகலில் கோயில்களும் கல்லறைகளும் என்று கால் வலிக்க நடந்து திரும்பினால், மாலையில் மேல்தளத்தில் தேநீரும் கேக்கும் வைப்பார்கள். அதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. மற்றப் பானங்களுக்கே பணம். இராச்சாப்பாடு ஏழரை, எட்டு மணிக்குத்தான். இடையில் உள்ள அந்த நேரம் முழுவதும் உங்களுடையது.

அந்த நேரத்தில் கீழே உள்ள வரவேற்பு மண்டபத்தில் மதுபானம் பரிமாறுவார்கள். வெள்ளைக்காரர்களின் பழைய வழக்கம் அது. அந்நாளைய பெரிய கப்பல்களில் சாப்பாட்டுக்கு உடை மாற்றிக்கொள்ளுமாறு ஊதுகுழல் ஊதி அறிவிப்பார்களாம். அங்கே நமக்கு வேலையில்லை. மேலே ஏறிப் போய் ‘கர்கதே’ கேளுங்கள். நம்மூர்ச் செவ்வரத்தையின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்ந்த புல்லிகளைக் கொதிக்க வைத்து எடுக்கும் பானம் இது. இரத்தினக்கல் போன்ற சிவப்பு, இலேசான புளிப்பு. சூடாகவும் தருவார்கள், குளிர வைத்தும் தருவார்கள். அஸ்வான் பக்கத்தில் விளைவது பேர்போனது. வீட்டுக்கும் ஒரு பொதி வாங்கி வரலாம்.

எந்தப் பக்கத்தில் உட்காருவது என்பதும் முக்கியம். லக்சரிலிருந்து அஸ்வானுக்குப் போகும்போது கப்பல் தெற்கு நோக்கிப் போகிறது. ஆகவே சூரியன் மறையும் மேற்குக் கரை உங்கள் வலக்கைப் பக்கம். திரும்பி வரும் பயணமாயின் இடப்பக்கம். பேரீச்சை மரங்கள், கரும்புத் தோட்டம், தண்ணீர் குடிக்க வந்த எருமை, அதற்குப் பின்னால் உடனே பாலைவனம்! பச்சை நிறம் அங்கே ஒரு நாடாவின் அகலத்துக்குத்தான்.

சூரியன் விழுந்ததும் இரு கரைகளிலுமிருந்து பாங்கொலி கேட்கும். ஒரு கிராமத்தில் முடியுமுன் அடுத்ததில் தொடங்கிவிடும். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. நம் நாட்டில் சூரியன் மறையும் பக்கத்தைப் பார்த்தே தொழுது பழகியவர்கள் நாம். இங்கேயோ மக்கா தென்கிழக்கில் இருக்கிறது. செக்கச் சிவந்த வானம் முதுகுக்குப் பின்னால்! மாமி பழக்கதோஷத்தில் மேற்கே பாயை விரித்துவிட, நான் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. பிரயாணிகள் மஃரிபைச் சுருக்க முடியாது, மூன்று ரக்அத்தேதான். ஆனால் இஷாவோடு சேர்த்துத் தொழ இடமுண்டு.

எஸ்னா மதகருகே கப்பல் காத்து நிற்கும்போது இன்னொரு வேடிக்கை. சிறு படகுகளில் வரும் வியாபாரிகள் மேசை விரிப்பையும் கலாபியா உடுப்பையும் பொலித்தீன் பையில் சுற்றி, மேல்தளத்துக்கே வீசியெறிவார்கள். பிடித்தால் விலை பேசுங்கள். பணத்தை அதே பையில் போட்டு வீச வேண்டும். பிடிக்காவிட்டால் உடுப்பையே திருப்பி வீசலாம். கப்பலில் ஓரிரவு எல்லோரும் கலாபியா அணிந்து வரும் விருந்தும் இருக்கும். அபாயா அணியும் நமக்கு அந்தச் செலவு மிச்சம்.

கொம் ஒம்போவை மாலையில் அடையும் கப்பலாயின் நல்லது. ஆற்றோரமாகவே நிற்கும் அந்தப் பழைய கோயிலுக்கு விளக்கேற்றியிருப்பார்கள்.

இந்தக் காட்சிகளை நமக்கு முன்பே பார்த்து எழுதிய பெண்கள் இருக்கிறார்கள். அமேலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி 1873-74 குளிர்காலத்தில் ‘தஹபிய்யா’ என்னும் பாய்மரப் படகில் நைலில் போய் வந்தார். 1877 இல் அவரது நூல் வெளிவந்தது. அந்த ஒரு பயணம் அவரது வாழ்வையே மாற்றிவிட்டது. எகிப்தியப் புராதனங்களைக் காக்க 1882 இல் ஒரு நிதியத்தை அமைப்பதில் முன்னின்றவரும் அவரே.

அஸ்வானில் அஸருக்குப் பிறகு கப்பலில் இருக்கவே வேண்டாம். ‘ஃபலூக்கா’ படகு ஒன்றைப் பிடியுங்கள். இயந்திரம் இல்லை. ஆறு வடக்கே ஓட, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுவதால், நீரோட்டத்தை எதிர்த்தும் பாய் விரித்துப் போகலாம். எலிஃபன்டைன் தீவைச் சுற்றி வரும்போது மேற்குக் கரை மேட்டில் மூன்றாம் ஆகா கானின் அடக்கத்தலம் தெரியும். அவர் மறைந்தது 1957 இல். அவரது மனைவி கணவரின் கப்றில் நாள்தோறும் ஒரு சிவப்பு ரோஜாவை வைக்கச் செய்தாராம். 2000 ஆம் ஆண்டில் அவரும் மறைந்து அங்கேயே அடக்கப்பட்டார். நூபியப் படகோட்டிகள் நம் றபானைப் போன்ற ஒரு பறையைத் தட்டிப் பாடுவார்கள். அன்று மாமி பேசாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடங்களில் மஃரிபுக்கு முன் அவர் சும்மா இருந்ததை நான் கண்டதேயில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கரையில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவதால் உங்கள் அறை யன்னலைத் திறந்தால் அடுத்த கப்பலின் யன்னல்தான் தெரியும். திரையை மூடிவிட்டு மேலே போய்விடுங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்து, உடனே குளிர் பிடிக்கும். ஒரு தடித்த சால்வை கட்டாயம். சாப்பாட்டு மணி அடித்தாலும் அவசரப்பட வேண்டாம். சூப் ஆறியிருந்தால் வேறு சூடாகத் தருவார்கள். அதை நீங்கள் எழும்பிச் சூடாக்க வேண்டியதில்லை.