வீட்டுக்காரர் வெளிநாட்டில்; சாவி யாரிடம்?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். ஆனால், பிறர் வீட்டைத் தம் வீடு போல் கவனிக்கும் ஆள் எந்தச் சந்தையில் கிடைப்பார்?

சொந்தக்காரர் கடல் கடந்து வாழ்கிறார். இங்கே மோட்டார் பழுது. மாடித் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குடியிருப்பவர் யாரிடம் முறையிடுவது? இங்கேதான் சொத்து மேலாளர் வருகிறார். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் தரகர் அல்லர் இவர்.

1960-ம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழகச் சட்டம் இவருடைய கடமைகளை வகுத்திருக்கிறது. ரசீது கொடுத்து வாடகை வசூலிப்பது, அவசியமான பழுதுகளைச் சரி செய்வது, அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுவது, தகராறு எழுந்தால் தீர்க்க உதவுவது ஆகியவை அவற்றுள் சில. வாடகை பாக்கி என்று சொல்லித் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த அவருக்கு அதிகாரமில்லை. வேறு உடன்பாடு இல்லாதபோது அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேற்படக் கூடாது.

2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த பல்லாவரத்தில் அடுக்குமாடிகளுக்குக் குறைவில்லை. கணக்கும் சட்டமும் தெரிந்து, பிளம்பரிடமும் பக்குவமாகப் பேசத் தெரிந்த இளைஞருக்கு இது நல்ல தொழில்.

ஒரு யோசனை: குடிவரும் அன்றே சுவர், குழாய், மின்விசிறியின் நிலையை எழுதி, இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். காலி செய்து அட்வான்ஸைத் திருப்பித் தரும் நாளில் அந்தக் காகிதம்தான் நியாயம் பேசும்; மேலாளரின் நாணயமும் அன்றுதான் வெளிப்படும்!